உதறல் நடை

அத்தியாயம் 14

“எங்கம்மாகிட்ட நீங்க மன்னிப்பு கேக்கணும் மேடம்.”

கேட்டே விட்டாள்.

ஒரு வாரமாக அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வேலையைத் திரும்பக் கேள், வேண்டுமானால் கெஞ்சிக்கூடக் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று. “நம்ம இருக்கிற இருப்புக்கு அதெல்லாம் ஆகாதுடீ. பதினோரு வருஷம் அவங்க வாசலை மிதிச்சிருக்கேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

பட்டதாரிக்கு எது வேண்டுமானாலும் வரும், அது ஒன்றுதான் வராது.

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். குடும்பத்திலேயே கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் என்று அண்ணன் கிண்டலுக்கு வைத்தது. இப்போது தெருமுனைக் கடைக்காரரே “பட்டதாரிக்கு ரெண்டு சோப்பு” என்றுதான் எடுத்துப் போடுகிறார்.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“என்ன சொன்னே?”

“மன்னிப்பு. ஆறு வீட்டுக்கு எங்கம்மாவைப் பத்திக் கடிதம் போச்சில்ல, அதுக்கு.”

“அதை அடிச்சது நீதானே?”

சுருக்கென்றது. ஆமாம், அவள்தான்.

அது நாய்கள் தங்கும் விடுதி. வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாய்களை விட்டுவிட்டுப் போவார்கள். முன்மேஜையில் பட்டதாரி. குளிப்பாட்டும் அறையில் அம்மா. நாய்களை நடத்துவது, புல் வெட்டுவது, வேன் ஓட்டுவது எல்லாம் அண்ணன். குடும்பமே ஒரு கூரைக்குக் கீழே பிழைத்துக்கொண்டிருந்தது, மூன்று வாரம் முன்பு வரை.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன நாய்கள் ஒவ்வொன்றாகச் சொறிய ஆரம்பித்தன. போய் இரண்டாம் நாள் தோல் சிவக்கும், மூன்றாம் நாள் கொப்புளம். அடிவயிறு, காது மடலின் உள்பக்கம், மூக்கோரம் என்று முடி குறைந்த இடமாகப் பார்த்து வந்தது. ஆறு நாய்கள். ஆறும் அம்மா கையால் குளித்தவை. குளிக்காத நாய் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை.

இது போதாதா? போதாததற்கு அம்மா முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொள்கிறவள். “மருந்து காரமா இருக்குன்னு தெரிஞ்சுதானே நீ மட்டும் உஷாரா கையுறை போட்டுக்கிட்டே?” என்று கேட்டு, போன புதன்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் முதலாளியம்மா. கையோடு ஒரு கடிதமும் சொல்லச் சொல்ல அடிக்க வைத்தாள். ‘குளிப்பாட்டும் பணியாளரின் கவனக்குறைவே காரணம். அவர் நீக்கப்பட்டுவிட்டார்.’

விசைப்பலகைமேல் கை நின்றபோது, வாசலில் பையோடு நின்ற அம்மாவே சொன்னாள். “அடிச்சுடு கண்ணு. உன் வேலையாவது நிக்கட்டும்.”

அடித்தாள். கடைசியில், யாரும் சொல்லாமலே, தானாக ஒரு வரியும் சேர்த்தாள். ‘காயம் சீக்கிரம் உலர, நாயைக் காலை வெயிலில் சற்று நேரம் விடவும்.’ அம்மா பெயரைக் கெடுத்த கடிதத்தில் ஒரு வரியாவது நல்லதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

“உங்கம்மா போய் ஏழு நாளாச்சு. ஒரு நாய்க்காவது புதுசா கொப்புளம் வந்திருக்கா?” முதலாளியம்மா நிதானமாகத்தான் கேட்டாள். “வரலை இல்ல? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“டாக்டர் வேணும். இத்தனை நாளா ஒரு டாக்டர்கிட்டக்கூட ஏன் காட்டலை?”

முதலாளியம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. “ஒட்டுவாரொட்டின்னு சொல்லிட்டா? இடத்தைப் பூட்டணும். அப்புறம் நீ, உங்கண்ணன், நான், எல்லாரும் தெருவிலதான்.”

அட, இவளுக்கும் பயம்தானா! கோபம் ஒரு படி இறங்கியது. ஒரு படிதான்.

“இங்கேயே இருக்கிற ஜிமிக்கியை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன் மேடம்.”

“போ. ஷாம்பூதான்னு அவர் சொல்லிட்டா, இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது.”

“இல்லன்னு சொன்னா?”

“வந்து பேசு.”

*

ஜிமிக்கிக்குக் காதுகள் இரண்டும் தோள் வரை தொங்கும். அதன் வீட்டார் வெளிநாட்டில் இருப்பதால் மூன்று மாதமாக விடுதியில்தான் இருக்கிறது. அம்மா போவதற்கு முன்பே கொப்புளம் வந்த ஏழாவது நாய். கூண்டைத் திறந்ததும் வாலை ஆட்டியது. வயிறு தரையில் படாமல் நடக்கப் பார்த்து, வாத்து மாதிரி வந்தது.

வேனில் அண்ணன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். கொளுத்தும் வெயில், வண்டியில் ஏசி செத்து ஆறு மாதம். ஆனால் ஐயா முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.

“என்னண்ணா, மாப்பிள்ளை வேஷம்?”

“வெயிலுக்கு.”

“வெயிலுக்கு அவனவன் சட்டையைக் கழட்டறான்.”

“பட்டதாரி, ஏறு. லேட்டாகுது.”

காலையில் அண்ணி பல் தேய்த்துக்கொண்டே சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அண்ணிக்கு இது ஏழாம் மாதம். “உங்கண்ணனுக்கு என்னைப் பார்த்தா லாரியைப் பார்த்த மாதிரி இருக்கு. ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறார். ரெண்டு வாரமா செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல படுக்கை. நான் என்ன பாவம் பண்ணினேன்னு கேட்டுச் சொல்லு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முகத்தைக் குழாயடியில் ரொம்ப நேரம் கழுவினாள்.

சிக்னலில் வண்டி நின்றது. ஜிமிக்கி முன் இருக்கைக்கு எக்கி அண்ணன் கையைப் பிராண்ட, ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டான். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும்.

முன்கையில் பழுப்பும் சிவப்புமாகக் கோடுகள். ஓரத்தில் வெடித்துக் காய்ந்த கொப்புளம். ஜிமிக்கியின் வயிற்றில் இருப்பது அப்படியே.

“அண்ணா, என்ன அது?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்த வேகாத வெயில்ல பொத்தான் போட்டுக்கிட்டு வந்தே?”

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் நகரவில்லை.

“நாய்ங்ககிட்ட இருந்து எனக்கு ஒட்டிக்கிச்சு,” என்றான், சாலையைப் பார்த்தபடி. “யார்கிட்டயும் சொல்லாதே. அவ வயித்துல புள்ளை இருக்கு. அதுக்கும் வந்துட்டா என்னடி பண்ணுவேன்?”

பட்டதாரி முன்னால் எக்கி, கியரைக் காட்டினாள். “முதல்ல வண்டியை எடு.”

*

கால்நடை டாக்டர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு வாயில் பேனா மூடி வேறு. ஜிமிக்கியை மேஜையில் மல்லாத்தி, விளக்கை இழுத்து, பத்து நிமிடம் வயிற்றையே பார்த்தார். ஒரு கண்ணாடித் துண்டில் தோலைச் சுரண்டி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து மூடியைத் துப்பினார்.

“பூச்சி இல்லை. படையும் இல்லை.”

“ஷாம்பூவா டாக்டர்?” அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஷாம்பூன்னா வயிறு மொத்தமும் சிவந்திருக்கும். இது பாரு, கோடு கோடா இருக்கு. யாரோ ஈரக் குச்சியால கோலம் போட்ட மாதிரி. இது எங்கேயோ செடிக்குள்ள புகுந்திருக்கு.”

“செடியா?” என்றான் அண்ணன்.

பட்டதாரி அவன் பக்கம் திரும்பினாள். “கையைக் காட்டு.”

“ஏய்!”

“நீயா காட்டறியா, நான் மிச்சப் பொத்தானையும் பிய்க்கவா?”

காட்டினான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கக் கை நீட்டுகிற பையன் மாதிரி. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், ஜிமிக்கியைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

“நீங்களும் இதுகூட மேயப் போனீங்களா?”

“புல்லு வெட்டினேன் சார். பின்பக்க மனையில. ஆளுயரத்துக்கு நிக்கும், குடை மாதிரி வெள்ளைப் பூ, தண்டு குழாய் மாதிரி. மெஷின் வச்சு அடிச்சேன். சாறு தெறிச்சுது, துடைச்சுக்கிட்டேன்.”

“மெஷின் எங்கே?”

“வேன்லதான் கிடக்கு. கழுவலை.”

டாக்டர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார். வேனின் பின்கதவைத் திறந்தால், புல் வெட்டும் இயந்திரத்தின் கழுத்தில் வாடிய தண்டும் ஒரு பூக்கொத்தும் சுற்றிக் கிடந்தன. எடுக்கப் போன பட்டதாரியின் கையைத் தட்டிவிட்டார்.

“தொடாதே! இதுதான் ஆளு. இந்தச் சாறு மட்டும் பட்டா ஒண்ணும் பண்ணாது. வெயில் மட்டும் பட்டாலும் ஒண்ணுமில்லை. ரெண்டும் சேர்ந்தா, தோலை அடுப்புல வச்ச மாதிரி. தோல் ஈரமா இருந்தா இன்னும் மோசம். ஆனா உடனே தெரியாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் பொங்கும்.”

ஈரமா இருந்தா.

அவள் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. அம்மாவுக்குச் சூடான காற்று ஊதும் இயந்திரம் பிடிக்காது. அந்தச் சத்தத்துக்கு நாய்கள் மிரளும். அதனால் பதினோரு வருடமாக ஒரு வழக்கம். குளித்து முடித்த நாயை அண்ணன் ஈரத்தோடு ஒரு சுற்று நடத்துவான், தண்ணீரை உதறித் தள்ளுவதற்காக. அதற்கு அம்மா வைத்த பெயர் உதறல் நடை. அது முடிந்ததும் மரப் பலகைமேல் ஒரு மணி நேரம் வெயில் காய விடுவார்கள். பஞ்சு மாதிரி உலரும் என்று அம்மாவுக்குப் பெருமை. மற்ற நாய்களெல்லாம் நிழல் முற்றத்திலேயே ஓடும்.

முன்பு உதறல் நடை முன்பக்க மைதானத்தில் நடந்தது. மூன்று வாரம் முன்பு அங்கே கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கல் பதித்துவிட்டார்கள். நடை பின்பக்க மனைக்குப் போயிற்று, அண்ணன் வெட்டிப் போட்ட தண்டுகளுக்கு நடுவே.

குளித்த நாய்தான் ஈரம். குளித்த நாய்தான் பின்மனை. குளித்த நாய்தான் வெயில். அம்மா போன பிறகு குளியலே இல்லை, அதனால் கொப்புளமும் இல்லை.

“அப்ப நான்தான் காரணமா?” அண்ணன் முகம் வெளிறியது.

“உனக்குத் தெரியுமா இது இப்படிப்பட்ட செடின்னு?”

“சத்தியமா தெரியாது.”

“அப்ப வாயை மூடு.”

“சார்,” அவன் டாக்டரிடம் போய் நின்றான். “இது… ஒட்டுமா?”

“எது? கொப்புளமா? ஒட்டவே ஒட்டாது. மெஷினையும் அந்தச் சட்டையையும் கையுறை போட்டுக் கழுவுங்க, அது போதும்.”

“வயித்துல இருக்கிற புள்ளைக்கு?”

டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் மாறியது. “ஒண்ணும் ஆகாது. தைரியமா வீட்டுக்குப் போங்க. உங்க கையைக் காட்ட வேண்டிய டாக்டர் நான் இல்லை, நாளைக்கே மனுஷ டாக்டரைப் பாருங்க. வெயில் படாம வைங்க.”

அண்ணன் வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். ஆறடி ஆள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியவில்லை. ஜிமிக்கி போய் அவன் காதை நக்கியது.

டாக்டர் களிம்பு எழுதிக்கொண்டே கேட்டார். “மத்த ஆறு நாய் எங்கே? அதுங்களையும் வெயில்ல விடாம இருக்கச் சொல்லுங்க. ஆறி வர்ற தோல் திரும்ப எரிஞ்சுடும்.”

பட்டதாரிக்குக் கடிதத்தின் கடைசி வரி நினைவு வந்தது.

காயம் சீக்கிரம் உலர, நாயைக் காலை வெயிலில்.

அந்த வரியை யாரும் அவளிடம் சொல்லவில்லை. படித்த பெண் அல்லவா, தானாகவே எழுதினாள்.

*

வீட்டில் அம்மா ஜன்னலோரம் இடது கையை வெயிலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விடுதி ஷாம்பூ புட்டி.

“என்னம்மா பண்றே?”

அம்மா புட்டியை முந்தானைக்குள் தள்ளப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். “ஏழு நாளா தினமும் என் கையில தேய்ச்சுப் பார்க்கறேன். ஒண்ணும் ஆகலை. ஆனா நாய்த் தோலு மெல்லிசு இல்லையா… நான்தான் சரியா அலசலையோன்னு…”

பட்டதாரி பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் பார்க்காதபோது இந்த மனுஷி தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நீ இல்லம்மா. செடி.” முழுக்கதையையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

அம்மா கேட்டு முடித்தாள். புட்டியை மூடித் தரையில் வைத்தாள். “அப்ப என் கையில ஒரு தப்பும் இல்லை?”

“ஒரு தப்பும் இல்லை.”

“அப்பாடி.” அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஒரு வாரமாகக் கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது.

அதற்குள் உள்ளறையில் அண்ணியின் சத்தம். “இதுக்காகவா? இதுக்காகவா செருப்புக்குப் பக்கத்துல படுத்தீங்க? நான் என்னென்னமோ நினைச்சு, எங்கம்மா வீட்டுக்குப் போக ஒரு பையே கட்டி வச்சுட்டேன்!” பொத்தென்று ஒரு தலையணை விழும் சத்தம். இன்னொன்று. பிறகு சத்தமே இல்லை. அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் கொடியிலிருந்து ரப்பர் கையுறையை உருவினாள்.

“எங்கே கிளம்பறே?”

“ஜிமிக்கி உடம்புல அந்தச் சாறு இன்னும் இருந்தா? மெதுவா கழுவி விடணும்.”

“அம்மா! அவங்க உன்னை வெளியே அனுப்பினவங்க. இன்னும் கூப்பிடக்கூட இல்லை.”

“ஜிமிக்கி என்னை அனுப்பலையே.” வாசலில் நின்று திரும்பினாள். “நான் சொன்னதை மட்டும் அங்கே கேட்டுடாதேடீ.”

காலையிலேயே கேட்டாகிவிட்டது என்று பட்டதாரி சொல்லவில்லை.

*

மாலை நாலு மணிக்கு அவள் முன்மேஜையில் உட்கார்ந்து முதலில் ஆறு வீட்டுக்கும் போன் செய்தாள். ஐந்து பேர் எடுத்தார்கள். ஒருத்தர் திட்டினார், வாங்கிக்கொண்டாள். எடுக்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு எண்ணைப் பதிவேட்டில் தேடிப்பிடித்து, மொட்டை மாடியில் கட்டியிருந்த நாயை அவர்களை விட்டே நிழலுக்கு மாற்றச் சொன்னாள். பிறகு ஒரு கடிதம் அடித்து மின்னஞ்சலில் அனுப்பினாள். இந்தத் தடவை யாரும் வரி சொல்லித் தரவில்லை.

அதற்கு அப்புறம்தான் முதலாளியம்மாவின் அறைக்குள் போனாள்.

கேட்கக் கேட்க முதலாளியம்மா நாற்காலியில் சரிந்தாள். “ஒட்டாதா? நிஜமாவா? டாக்டரே சொன்னாரா?” இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். “மூணு வாரமா தூக்கம் இல்லைம்மா எனக்கு. நாளைக்கே விவரம் தெரிஞ்ச ஆளை விட்டு வேரோட எடுத்துடலாம். உங்கம்மாவை வரச் சொல்லு. முடிஞ்சுது.”

“முடியலை மேடம். கடிதம்?”

“அது எதுக்கு இப்ப? ஆறின புண்ணைப் போய்ச் சொறியணுமா? வெயில்ல விடாதீங்கன்னு மட்டும் ரெண்டு வரி போடு. செடி கிடின்னு எழுதாதே. இந்த இடமே விஷம்னு பேராயிடும்.”

“எழுதி அனுப்பிட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“போன தடவை உங்களைக் கேட்டு எழுதினேன். இந்தத் தடவை டாக்டரைக் கேட்டு எழுதினேன்.” அதன் நகலை மேஜைமேல் வைத்தாள்.

முதலாளியம்மா வாய்விட்டே படித்தாள். ‘காரணம் எங்கள் பின்மனையில் முளைத்த ஒரு செடி. குளிப்பாட்டியவர்மேல் எந்தத் தவறும் இல்லை. வெயிலில் விடச் சொன்ன வரி நான் எழுதியது. தவறு என்னுடையது. மன்னிக்கவும்.’ கீழே விடுதியின் பெயர் இல்லை. அவள் பெயர் இருந்தது.

“என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே!”

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் போன் அடித்தது. முதலாளியம்மா அதைப் பாம்பு மாதிரி பார்த்துவிட்டு எடுத்தாள். “ஆமாங்க… ஆமாங்க, செடிதான்… என்னது?” கேட்டுக்கொண்டே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இருப்பாங்க. இங்கேதான் இருப்பாங்க. சொல்றேன்.” வைத்துவிட்டாள்.

“திட்டினாங்களா?”

“இல்லை.” குரல் கீழே போயிருந்தது. “உண்மையைச் சொன்னதுக்கு நன்றின்னாங்க. அடுத்த மாசம் கொண்டுவந்து விடறாங்களாம். குளிப்பாட்டற அந்தம்மா இருப்பாங்களான்னு கேட்டாங்க.”

பட்டதாரி மேஜைக்கு ஒரு அடி கிட்டே வந்தாள்.

“செடியை வெட்டச் சொன்னது நீங்க. உங்களுக்கு அது என்ன செடின்னு தெரியாது,” என்றாள் பட்டதாரி. “வெட்டினது எங்கண்ணன். அவனுக்கும் தெரியாது. வெயில்ல விடச் சொன்னது நான், எனக்கும் தெரியாது. தெரியாம செஞ்ச மூணு பேரும் வேலையில இருக்கோம் மேடம். ஒண்ணுமே செய்யாத ஒருத்தரைத்தான் வெளியே அனுப்பினோம்.”

முதலாளியம்மா பேப்பர் வெயிட்டை உருட்டினாள். “சரிம்மா. தப்புதான். சாரி.”

“எங்கிட்ட எதுக்கு? எங்கம்மா குளியலறையில இருக்காங்க. இருபது அடி.”

“அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. அவளுக்கு அதெல்லாம் பெரிசில்லை.”

“ஏழு நாளா ஷாம்பூவைத் தன் கையில தேய்ச்சு வெயில்ல காட்டிக்கிட்டு இருந்தாங்க. எது பெரிசுன்னு அவங்களைக் கேளுங்க.” முன்மேஜைச் சாவியை எடுத்துக் கடிதத்தின்மேல் வைத்தாள். “நான் கேக்க வேண்டிய மன்னிப்பை ஆறு வீட்டுக்கும் கேட்டுட்டேன். எங்கம்மாகிட்டயும் கேப்பேன். உங்களோடது உங்ககிட்ட இருக்கு.”

“சாவி எதுக்கு?”

“டாக்டர் கிளினிக் வாசல்லயே முடிவு பண்ணினது மேடம். சொல்லச் சொல்ல அடிக்கிற வேலை இனிமே எனக்கு வேண்டாம்.”

“ஏய், நில்லு. உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது. இன்றிரவு தெரிந்தால் வீடு இரண்டுபடும். அதை இரவுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நடந்தாள். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். நடுவே அம்மாவின் குரல், “ஆட்டாதடி காதை, கண்ணுல போகுது, என் ராசாத்தி.” பின்பக்க வேலிக்குக் குறுக்கே அண்ணன், அரைக்கைச் சட்டையும் கையில் தோள் வரை சுற்றிய பழைய துண்டுமாக, நிழலில் நின்றபடி கயிறு கட்டிக்கொண்டிருந்தான், இனி ஒரு நாயும் அந்தப் பக்கம் போகாதபடிக்கு.

வாசற்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, பின்னால் அந்த அறையில் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

குளியலறைப் பக்கமா, தன் பின்னாலா என்று நின்று பார்க்கவில்லை பட்டதாரி. தாழ்ப்பாளை விலக்கி வெளியே வந்து, நாய்கள் ஓடிவிடாதபடி கதவைச் சரியாகச் சாத்தினாள்.